அறுபத்து மூன்று சென்டிமீட்டர்

மென்னோ ஊபென் கழுத்தை உடைத்துக்கொண்டதில் அரசாங்கத்துக்கு ஒரு மணி நேரம் லாபம். 1977 ஜூன் மாதக் கடைசி நாள், காலை பதினொரு மணிக்கு, முகாம் வாசலில் அவருக்கும் கூட இருந்த பதினாறு பேருக்கும் விடுவிப்புச் சீட்டு கொடுத்தார்கள். பதினைந்து மாதக் கட்டாய ராணுவ சேவை முடிந்தது. வழக்கப்படி எல்லோரும் வைக்கோல் தொப்பி மாட்டி, ரிப்பன் சுற்றிய கைத்தடியைத் தூக்கிக்கொண்டு, பீரும் பாட்டுமாக ஏரிக்குப் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு மென்னோ படகுத்துறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தார். அங்கே தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை.

சேவையில் இருக்கும்போது பாய்ந்திருந்தால் ராணுவமே ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கும். சீட்டு வாங்கிய பிறகு பாய்ந்ததால் அவர் வெறும் குடிமகன். "ஒரு மணி நேரம் முன்னாடி குடிக்க ஆரம்பிச்சிருந்தா நான் ராஜாடா," என்பார். வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் இதைச் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று திண்டாடுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

அவர் இறந்து எட்டு வருஷமாகிறது. இப்போது ஏன் அவரைப் பற்றி எழுதுகிறேன் என்றால், வேலையிடத்தில் என்னை விட மாட்டேன் என்கிறார்கள். எம்ஸ் ஆறு கடலில் சேரும் இடத்தில், கப்பல்களுக்கு வழிகாட்டிகளைக் கொண்டுபோய் ஏற்றும் படகில் வேலை செய்கிறேன். 2011-இல் நிறுத்தி வைத்த கட்டாய சேவை திரும்பி வருமா என்பதுதான் இந்த வருஷம் முழுக்கப் படகில் பேச்சு. பதினெட்டு வயதானவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். முதலில் விருப்பப்படுகிறவர்கள், ஆள் போதவில்லை என்றால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். உடனே யாராவது என் பக்கம் திரும்பி, "ஃபோக்கோவைக் கேளுங்க, கட்டாய சேவைய நிறுத்தின அன்னிக்கே அவன் தானா முன்வந்தவன், பேப்பர்ல போட்டோவே வந்துச்சு," என்பார்கள். நான் காபியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் போட்டோவில் நான் மென்னோவின் சக்கர நாற்காலிக்குப் பின்னால், ஏதோ நானே செய்த நாற்காலி மாதிரி, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

நான் பள்ளி முடித்த காலத்தில் துப்பாக்கி தூக்க மனசாட்சி இடம் தராதவர்கள் அதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ஊனமுற்றோர் வீடு என்று எங்காவது அதே அளவு நாள் வேலை. இப்படி வேலை செய்கிறவர்களுக்கு ஊரில் ஸிவி என்று பெயர். என் கடிதத்தை என் பெரியப்பா மகனின் கடிதத்தைப் பார்த்து எழுதினேன். போரில் கால் போன தாத்தா ஒருவர் அதில் வந்தார். எங்கள் தாத்தா போரின்போது வெண்ணெய் ஆலையில் இருந்தார், இரண்டு காலும் இருந்தன. பிறரைத் துன்பத்தில் விடுவதை என் மனசாட்சி ஒருபோதும் தாங்காது என்றும் எழுதியிருந்தேன். கடிதம் ஏற்கப்பட்டது.

2010 அக்டோபர் முதல் தேதி காலை எட்டு மணிக்கு லேர் நகரில், வாய்க்கால் ஓரத்தில் இருந்த மென்னோவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. தோளும், வலது கையில் கொஞ்சமும் மட்டும் அசையும். நாற்காலியின் விசையைத் தள்ள அந்தக் கை போதும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு?"

"ஃபோக்கோ."

"வேண்டாம். நீ இருபத்து நாலு. எனக்கு வர்ற இருபத்து நாலாவது ஸிவி. பேரெல்லாம் ஞாபகம் வெச்சுக்க எனக்கு நேரமில்ல. டீ போடத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றானுங்க. போடு பாப்போம்."

எங்கள் பக்கத்தில் டீயில் விளையாட முடியாது. கோப்பையில் முதலில் கல் கற்கண்டு, அதன்மேல் சூடான டீ, ஓரத்தில் ஒரு கரண்டி க்ரீம், கலக்கவே கூடாது. டீ பட்டதும் கற்கண்டு வெடிக்கும் சத்தத்தைக் கேட்க மென்னோ கோப்பையைத் தன் காதருகே பிடிக்கச் சொல்வார். அன்று சத்தம் வரவில்லை. "தண்ணி கொதிக்கல. கவர்மென்ட் எனக்கு அனுப்புற ஆளப் பாரு," என்றார்.

அவர் வாய் அப்படி. இருபத்தெட்டு வருஷம் வீட்டிலிருந்தே டாக்சி கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தவர். தலையில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்து ஊர் முழுக்க வண்டி அனுப்பியவர். ஊரில் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். ரொட்டிக் கடையில் அவர் வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு கம்பெனி கணினி வாங்கியது, குரல் தேவைப்படவில்லை. மிச்சம் இருந்தது அந்த வீடும் அவர் வாயும்தான். சமையலறை ஜன்னல் வழியாக வாய்க்காலில் போகிற படகையெல்லாம் பெயர் சொல்லித் திட்டுவார்.

இரவுக்கு ஏஜென்சியிலிருந்து கெஷே வருவாள். ஐம்பது வயது, பெரிய கை, பெரிய சிரிப்பு. காலை எட்டுக்கு அவள் போவாள், நான் வருவேன். தூக்கு இயந்திரத்தில் மென்னோவைக் கட்டிலிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, சிறுநீர்ப் பை மாற்றி, பல் தேய்த்து, சட்டை மாட்டி, ஊட்டிவிட வேண்டும். முதல் வாரம் எனக்குக் குமட்டியது. அவருக்கும் தெரிந்தது. "மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. உன்ன யாரும் ஆசைப்பட்டு வரச் சொல்லல, நானும் ஆசைப்பட்டு இப்படி ஆகல. ரெண்டு பேரும் கட்டாயத்துல இருக்கோம். சட்டுபுட்டுனு முடி," என்றார். அதற்குப் பிறகு குமட்டவில்லை.

நவம்பர் முதல் தேதி என்னைத் துணிக்கடைக்கு அனுப்பி, தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வாங்கி வரச் சொன்னார். நூற்றைம்பது சென்டிமீட்டர், மஞ்சள் நிறம். ராணுவத்தில் கட்டாய சேவைக்காரர்கள் கடைசி நூற்றைம்பது நாளுக்கு இப்படி ஒரு நாடா வைத்துக்கொண்டு தினம் ஒரு சென்டிமீட்டர் வெட்டுவார்கள். அவரும் ஒரு காலத்தில் வெட்டினவர். அவர் வீட்டில் ஸிவிகளுக்கும் அதுதான் சட்டம். சமையலறைக் கதவில் ஒரு ஆணி இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக. அதில் நாடாவைத் தொங்கவிட்டு, தினமும் காலை டீக்கு முன்னால் அவர் எதிரில் வெட்ட வேண்டும்.

"நெசமாவே வெட்டணுமா?" என்று கேட்டேன். அவர் எதிரில் அவரை எண்ணிக் கழிப்பது மாதிரி இருந்தது.

"வெட்டு. நாள் எண்ணாதவன் இங்க எனக்கு வேண்டாம். பாவம் பாத்து வர்றவன் அளந்து அளந்து தண்ணி குடுப்பான். நாள் எண்றவன் வேலையப் பாத்துட்டுப் போயிட்டே இருப்பான்."

அந்த ஆறு மாதத்தில் அவர் எனக்கு ஒரு தடவைகூட நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் தாமதமானால் டிர்க்சென் மேடத்துக்குப் போன் போட்டுப் புகார் சொல்வார். அவர்தான் எங்களை வீடு வீடாக அனுப்பும் சங்கத்தின் பொறுப்பாளர். மேடம் என்னைத் திட்டுவார், நான் மென்னோவை முறைப்பேன், மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து ரேடியோவில் கால்பந்து கேட்போம். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக யாரோடும் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் நடுவில், நாடா பதினைந்து சென்டிமீட்டராகக் குறுகியிருந்தபோது, டிர்க்சென் மேடம் வீட்டுக்கே வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. இனிமேல் யாரையும் கட்டாயப்படுத்தி எடுக்க மாட்டார்கள் என்று முடிவாகிவிட்டது, ஜூலையோடு எல்லாமே தன்னார்வம்தான். இருபத்தைந்தாவது ஸிவி என்று ஒருவன் கிடையாது.

"தன்னார்வத்துல பேர் குடுத்தவங்க எத்தன பேரு?" என்று மென்னோ கேட்டார்.

"இந்த வட்டாரத்துலயா? ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் குழந்தைங்க பள்ளிக்கூடம்தான் வேணுமாம்."

"புத்திசாலிங்க. அதுங்க என்னவிட எடை கம்மி."

மேடம் சிரிக்கவில்லை. பகலுக்கு ஆள் இல்லாமல் அந்த வீட்டில் அவரை வைத்திருக்க முடியாது, ஊருக்கு வெளியே உள்ள பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். மென்னோ ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"நான் இருக்கேன்," என்றேன். "இன்னும் ஒரு வருஷம் நான் இருக்கேன்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. கப்பல் பயிற்சிக்கு ஆகஸ்டில் சேர இடம் வாங்கி வைத்திருந்தேன், அதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். முதலில் நீட்டிப்பு, ஜூலையிலிருந்து புதுத் தன்னார்வ சேவை, மொத்தத்தில் அடுத்த மார்ச் கடைசி வரை. கையெழுத்துப் போட்டபோது மேடத்துக்குக் கண் கலங்கியது. கெஷே என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தாள். உள்ளூர்ப் பேப்பரில் போட்டோ வந்தது. ரொட்டிக் கடைக்காரி பன்னுக்குக் காசு வாங்கவில்லை. எனக்கு அதெல்லாம் வேண்டியிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் தெருவில் நடக்கும்போது மனிதர்கள் தலையாட்டுவது இனித்தது.

ஏப்ரல் முதல் தேதி காலை எட்டு மணிக்குப் போனேன். அதே வீடு, அதே வேலை, அதே பை. தூக்கு இயந்திரத்தில் ஏற்றும்போது மென்னோ சொன்னார்:

"ஃபோக்கோ, இடது கால கொஞ்சம் தள்ளி வெக்க முடியுமா, சிரமம் இல்லேன்னா."

நான் கையை எடுத்துவிட்டேன். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல."

"இருபத்து நாலுன்னு கூப்பிடுங்க."

"அது கவர்மென்ட் அனுப்பின ஆளு. நீ தானா வந்தவன்," என்றார். டீயைக் குடித்து முடித்ததும் "நன்றி" என்றார்.

அதுதான் ஆரம்பம். வாய் துடைத்தால் நன்றி, ஜன்னலைத் திறந்தால் நன்றி. வாய்க்காலில் போகிற படகுகளைத் திட்டுவதுகூடக் குறைந்தது. என்னிடம் ஏதாவது கேட்பதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பார். இன்றைக்கு இவனிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம் என்று மனசுக்குள் எண்ணுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மூக்கு அரித்தால்கூடக் கடைசிவரை பொறுத்துப் பார்ப்பார். அந்த வாய்க்கொழுப்புப் பிடித்த மனிதரை நல்ல பிள்ளையாக்கியது என் தியாகம். முதல் மாதம் எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதற்கப்புறம் நன்றி வராவிட்டால் கோபம் வந்தது.

ஒழுங்காக எட்டு மணிக்கு வந்தவன் எட்டே காலுக்கு வர ஆரம்பித்தேன். யாரும் புகார் செய்யவில்லை. எட்டரைக்கு வந்தேன். தன்னார்வத்தில் வருகிறவன் மேல் எப்படிப் புகார் சொல்வது? செப்டம்பரில் ஒரு நாள், முந்தின இரவு நண்பர்களோடு குடித்துவிட்டு, எட்டே முக்காலுக்குப் போனேன். கெஷேவுக்கு வேறு வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் எட்டுக்கே கிளம்பிவிட்டாள். சிறுநீர்ப் பை நிரம்பி வழிந்து, முக்கால் மணி நேரமாக அந்த ஈரத்தில் கிடந்தார். நான் உள்ளே போனதும், "பரவாயில்ல ஃபோக்கோ, ஒரு நாள் இப்படித்தான் ஆகும்," என்றார்.

திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். 'பரவாயில்ல' என்றதும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டு எரிந்தது. படுக்கை விரிப்பை உருவினேன், இழுத்த இழுப்பில் அவர் தோள் கட்டில் கம்பியில் இடித்தது. அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் நிம்மதியாக இருந்தது.

நவம்பர் ஆரம்பத்தில் பக்கத்து ஊர்த் துணிக்கடையில் ஓர் அளவு நாடா வாங்கினேன். லேரில் வாங்கவில்லை, கடைக்காரிக்கு என்னைத் தெரியும். தினம் காலையில் குளியலறைக்குள் போய், கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலால் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, துண்டைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுவேன். மிச்சத்தைச் சுருட்டிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீர் விடும் சத்தம்தான் எனக்கு அந்த நாளின் நல்ல நேரம்.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் மழை கொட்டியதால் கோட்டை அங்கேயே விட்டுவிட்டு, மென்னோவின் பழைய மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை கதவைத் திறந்ததும் கெஷே சிரித்த முகமாக எதிரே வந்தாள்.

"நல்ல சேதி இருக்கு, அவரே சொல்லுவாரு. அப்புறம், உன் கோட்ட ஹீட்டர் மேல காயப் போட்டேன், உள்ள இருந்து நாடா விழுந்துச்சு. ஏண்டா, மாட்ட மறந்துட்டியா? நானே ஆணில மாட்டிட்டேன். எவ்வளவு நாளாச்சு அதப் பாத்து."

அவள் கள்ளமில்லாமல்தான் செய்தாள். எத்தனையோ வருஷம் அந்த ஆணியில் நாடா தொங்கிப் பார்த்தவள். அந்த வீட்டில் நாடா என்றால் அவளுக்கு வேடிக்கை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கெஷேயே எழுப்பி நாற்காலியில் ஏற்றியிருந்ததால் மென்னோ சமையலறையில் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அறுபத்து நாலு சென்டிமீட்டர் அவர் கண்ணுக்கு நேரே தொங்கியது. நாற்காலியைத் திருப்பிக்கொள்ள அவரால் முடியும், திருப்பவில்லை.

"இன்னிக்குள்ளது வெட்டியாச்சா?" என்றார்.

"இல்ல."

"அப்ப வெட்டு."

"மென்னோ, அது சும்மா..."

"வெட்டுடா."

கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். அறுபத்து மூன்று. துண்டு என் உள்ளங்கையில் இருந்தது, எங்கே போடுவதென்று தெரியவில்லை.

"இருபத்து நாலு பேரு இந்த ஆணில வெட்டிட்டுப் போனானுங்க," என்றார். குரல் உயரவில்லை. "அவனுங்க வெட்டினது கவர்மென்ட்டோட நாள. எனக்கு அதுல ஒரு சந்தோஷம்கூட. நீ வெட்டுறது என்னய. அதயும் கக்கூஸ்ல போய் வெட்டியிருக்க. தண்ணி சத்தம் எனக்குக் கேட்டுச்சு, வயித்துக் கோளாறுன்னு நெனச்சேன். கெஷேகிட்ட மாத்திர வாங்கி வெக்கச் சொன்னேன் உனக்கு."

மேஜை மேல் மாத்திரை அட்டை இருந்தது.

"கிளம்பு. உனக்கு இங்க இருக்க வேண்டிய சட்டம் எதுவும் இல்ல. பத்து மணிக்கு ஏஜென்சில இருந்து யாராவது வருவாங்க, போன் பண்ணிக்கறேன். சூப் அடுப்புல இருக்கு, அணைச்சிட்டுப் போ."

நான் அழுதிருக்கலாம். உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் வாசல்வரை திட்டிக்கொண்டே வந்து, அப்புறம் டீ போடச் சொல்லியிருப்பார். எனக்கு அது அப்போதே தெரிந்தது. ஆனால் என் உடம்பு முழுக்க வந்தது விடுதலைதான். சூப்பை அணைத்தேன், கோட்டை எடுத்தேன், கதவை மெதுவாகச் சாத்தினேன். என்ன நல்ல சேதி என்று நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் டிர்க்சென் மேடம் போன் செய்து அந்தச் சேதியைச் சொன்னார். ஓல்டன்பர்க்கிலிருந்து ஒரு பெண் தன்னார்வத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், பெரியவர்களோடுதான் வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். ஏப்ரல் முதல் தேதி மென்னோவிடம் வருகிறாள்.

"அதுவரைக்கும் ரெண்டு மாசம் நீ வந்துட்டா போதும், ஃபோக்கோ. ஏஜென்சிக்காரங்க ரெண்டு வாரத்துக்கு மேல பகல்ல ஆள் தர மாட்டாங்க. இல்லத்துல இப்ப ஒரு இடம் காலியா இருக்கு, விட்டா கிடைக்காதுங்கறாங்க. அங்க போனா வீட்ட ஒப்படைக்கணும். ஒப்படைச்சா திரும்பக் கிடைக்காது."

"மென்னோதான் என்னப் போகச் சொன்னாரு."

"தெரியும். அவர்கிட்ட பேசிட்டேன். நீ வந்தா திட்ட மாட்டேன், வாயத் திறக்க மாட்டேங்கறாரு. அவரு வாயத் திறக்க மாட்டேன்னு சொல்றதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"யோசிச்சு சொல்றேன் மேடம்," என்றேன்.

யோசிக்கவில்லை. மேடம் மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் நான் வீட்டில் இல்லை என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டு, "நான் எத்தன நாளைக்கு உனக்காகப் பொய் சொல்றது?" என்றாள். மூன்றாவது போன் வரவில்லை.

அந்த நாட்களில் எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. அதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காதலி இல்லை, காய்ச்சல் இல்லை, பயிற்சி ஆகஸ்டில்தான். பதினொரு மணிவரை தூங்கினேன். பிப்ரவரி ஆரம்பத்தில் குளிர் இறங்கி வாய்க்கால்கள் உறைந்தன. வருஷக்கணக்கில் இல்லாத பனி. ஊரே சறுக்குச் செருப்போடு இறங்கியது. நானும் சறுக்கினேன். பனி உடையும்வரை தினமும் போனேன். ஒரு நாள் மத்தியானம் கூட்டத்தோடு கூட்டமாக மென்னோ வீட்டின் பின்பக்கமாகப் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை ஜன்னலில் திரை இல்லை. உள்ளே வெறும் சுவரும், பல்பைக் கழற்றிய வயரும் தெரிந்தன. நான் நிற்கவில்லை. நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொள்வார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் முதல் தேதி ஓல்டன்பர்க் பெண் வந்தாள். போக வீடு இல்லை. அவளைக் குழந்தைகள் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கெஷே ரொட்டிக் கடையில் வைத்துச் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. நாடாவை மாட்டியது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பேசும்போது அந்தப் பெரிய கைகள் பையைப் பிசைந்தன. "நான் அத மாட்டியிருக்கக் கூடாது," என்றாள். இல்லை கெஷே, உன் தப்பு இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பன்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வழியெல்லாம் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு பேர் தங்கும் அறை. அடுத்த கட்டிலில் காது கேட்காத ஒரு பழைய விவசாயி டிவியை உச்சத்தில் வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். சக்கர நாற்காலியில் இருந்த மென்னோ இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வா வா. உக்காரு. அந்த டிவிய நிறுத்தாத, அவரு அழுதிடுவாரு. எப்படி இருக்க?"

"இருக்கேன். நீங்க?"

"நாளு போகுது. ஆறரைக்கு எழுப்பறாங்க, ஆறரைக்குப் படுக்க வெக்கறாங்க. நல்ல பசங்கதான், ஓடிட்டே இருக்குதுங்க, பேர் கேக்கறதுக்குள்ள அடுத்த ரூமுக்குப் போயிடுதுங்க." கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டார்: "அந்த ரெண்டு மாசம் நீ என்ன பண்ணிட்டு இருந்த?"

நான் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் தயாராக இருந்தன. சும்மாதான் இருந்தேன் மென்னோ, சறுக்கிக்கொண்டிருந்தேன், வந்திருக்கலாம், வரவில்லை. அவ்வளவுதான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் கம்பெனில முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க," என்றேன். "ஹம்பர்க்ல. பிப்ரவரிலயே ஏறச் சொல்லிட்டாங்க."

அவர் நெற்றிச் சுருக்கம் விலகியது. தோள்கூட இறங்கியது.

"அதான பாத்தேன். டிர்க்சென்கிட்ட நான் இதத்தான் சொன்னேன். அவனுக்கு வேல வந்திருக்கும், சொல்லக் கூச்சப்படறான், அவன விட்டுடுன்னு. ராத்திரி தூக்கம் வராதப்பெல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன்." அவர் சிரித்தார். "சும்மா வீட்ல உக்காந்துட்டு வராம இருந்திருந்தன்னா, அத என்னால தாங்கியிருக்க முடியாது ஃபோக்கோ."

நான் தலையாட்டினேன்.

"சரி சொல்லு. என்ன கப்பல்? எவ்வளவு பெருசு? எந்தெந்த ஊருக்குப் போன?"

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையைச் சரியாக வைத்தேன். எனக்கு ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நான் இன்னும் ஏறாத அந்தக் கப்பலைப் பற்றி, அவர்கள் அவரைப் படுக்க வைக்க வரும்வரை, சொல்லிக்கொண்டே இருந்தேன்.